ஈரச் சப்பாத்துக்குக் கிடைத்த பாராட்டு

1

போன வாரம் என் அண்ணன் மகள் தர்ஷினி வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பியிருந்தாள். வட்டமான கேக். அதன் மேல் சீனியில் செய்த ஒரு சோடி சப்பாத்து, லேஸ் கட்டிய கால் சப்பாத்து. அவளுடைய ரொக் இசைக்குழு வெளியிட்ட முதல் ஆல்பத்துக்கு ஒரு வயது ஆகிவிட்டதாம். ஆல்பத்தின் பெயர் 'ஈரச் சப்பாத்து'. குழுவின் பெயர் 'கடைசி பஸ்'. கண்டி டவுனில் இருந்து மடுல்கெல்லவுக்குப் போகும் கடைசி பஸ்ஸைத் தவறவிட்டு நடுத்தெருவில் நின்றவர்களுக்கு அந்தப் பெயரை விளக்க வேண்டியதில்லை.

கேக்கைச் சுற்றி மூன்று பேர் நின்றார்கள். தர்ஷினி, பேஸ் கிடார் வாசிக்கும் அஸ்லம், இரண்டு பேருக்கும் நடுவில் நான் பார்த்தே இராத ஒருவன். பல் தெரியச் சிரித்துக்கொண்டு டிரம்ஸ் குச்சிகளைத் தூக்கிப் பிடித்திருந்தான்.

பழைய டிரம்ஸ்காரன் எங்கே என்று நான் கேட்கவில்லை. அவனை அந்தப் படத்தில் இருந்து வெளியே தள்ளியது யார் என்று எனக்குத் தெரியும். ஆல்பத்தைத் திட்டியவர்கள் இல்லை. பாராட்டியவர். அவர் நான் இருக்கும் ஊரில்தான் இருக்கிறார். கடையில் கண்டால் என் பையைத் தூக்க உதவி செய்கிற நல்ல மனிதர்.

2

சுவிட்சர்லாந்தில் ஒரு முதியோர் இல்லத்தின் சமையலறையில் வேலை செய்கிறேன். பல் போனவர்களுக்குக் கரட் அவித்து மசித்துக் கொடுப்பது என் தொழில். அவர்களில் யாராவது ஒருவர் தினமும் 'நீ இந்தியாவா?' என்று கேட்பார். அதற்குக் கோபப்பட முடியாது. சிலருக்குத் தங்கள் பிள்ளைகளின் பெயரே நினைவில் இல்லை. நினைவெல்லாம் நன்றாக இருக்கிறவர்கள் நம்முடைய ஆட்கள். தமிழ்க் கடைக்குப் போனால் "அக்கா யாழ்ப்பாணத்தில எவடம்?" என்பார்கள். கண்டி என்றால் "ஓ, தோட்டப் பக்கமோ" என்று குரல் இறங்கும். அதற்குப் பிறகு கறிவேப்பிலையைக் கொஞ்சம் அதிகமாகப் போட்டுத் தருவார்கள். இரக்கமாம்.

வந்த புதிதில் குடிவரவு அலுவலகத்தில் என் பிறப்புச் சான்றிதழை மொழிபெயர்த்து மேசையில் வைத்தார்கள். இனம் என்ற இடத்தில் 'இந்தியத் தமிழர்' என்று இருந்தது. அங்கிருந்த பெண் அதிகாரி கண்ணாடியைக் கழற்றிவிட்டு, அப்படியானால் நீங்கள் இந்தியாவுக்கே போகலாமே என்று கேட்டாள். மொழிபெயர்ப்பாளராக வந்திருந்த யாழ்ப்பாணத்துத் தம்பி அதை எனக்குத் தமிழில் சொல்லும்போது சிரித்துவிட்டான். நான் கண்டிக்குப் பக்கத்தில் பன்விலயில் பிறந்தவள், இந்தியாவைச் சினிமாவில்தான் பார்த்திருக்கிறேன் என்று விளக்கப் பல மாதங்கள் பிடித்தன. இப்போது கையில் சிவப்பு நிறச் சுவிஸ் கடவுச்சீட்டு. கேள்வி மட்டும் அதேதான்.

என் மகன் நவீன் இங்கே பிறந்தவன். என்னோடு சண்டை பிடிக்க ஜெர்மன், சோறு கேட்கத் தமிழ். கண்டியைப் பற்றி அவனிடம் கேட்டால் 'குரங்கு' என்பான். ஒரு தடவை அவன் கையில் இருந்த பணிஸைக் குரங்கு பறித்துக்கொண்டு போய்விட்டது, அதோடு அவனுக்கு ஊர் முடிந்தது. அவன் தமிழோடு வைத்திருக்கும் ஒரே தொடர்பு சனிக்கிழமைப் பறை வகுப்பு. பள்ளிக்கூடத்தின் நிலவறையில் நடக்கும். டொக்டர் பிள்ளைகள், கடைக்காரர் பிள்ளைகள், எல்லோரும் 'எங்கள் வேர்' என்று எழுதிய கறுப்பு டீசேர்ட் போட்டுக்கொண்டு பிளாஸ்டிக் தோல் கட்டிய பறையை அடிப்பார்கள். பெற்றோர் வரிசையாக உட்கார்ந்து கைதட்டுவார்கள். ஊரில் அதே பறையைத் தூக்கியவனை வாசலைத் தாண்டி உள்ளே விடாதவர்கள்தான் முன்வரிசையில் இருந்து வீடியோ எடுப்பார்கள்.

வகுப்பை நடத்துபவர் குகன் மாஸ்டர். ஓர் இணையப் பத்திரிகையும் நடத்துகிறார். சாதி ஒழிப்பு, பெண் விடுதலை, நாட்டார் இசை என்று எழுதாத விஷயம் இல்லை. தன் மூத்த மகளுக்கு மாப்பிள்ளை பேசியபோது அவர்களின் ஊரை மட்டும் கேட்காமல், சாதி தெரிய வேண்டுமே, ஊரில் எந்தக் கோயிலடி என்பதையும் கேட்டார் என்று அவர் மனைவியே என்னிடம் சொல்லியிருக்கிறாள். குறையாகச் சொல்லவில்லை. பொறுப்பான தகப்பன் என்பதற்காகச் சொன்னாள்.

3

ஆல்பம் வெளிவந்த சமயம் நான் விடுமுறையில் கண்டியை ஒட்டிய கட்டுகஸ்தோட்டையில் அண்ணன் வீட்டில் இருந்தேன். அண்ணன் இளைப்பாறிய பள்ளிக்கூட அதிபர். மாடியில் இருக்கும் பெரிய அறையைப் பிள்ளைகளுக்கு விட்டிருந்தார். மூன்று பேரும் அங்கேதான் பாட்டு வாசித்துப் பழகுவார்கள். தர்ஷினி பேராதனையில் படித்து முடித்தவள். பாடுவாள், கிடாரும் வாசிப்பாள். அஸ்லம் அக்குறணைக்காரன், வாப்பாவின் கடையில் இருந்து நழுவி வந்துவிடுவான். டிரம்ஸ் அடித்தவன் செல்வா. மடுல்கெல்லப் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்து, டவுனில் ஃபோன் திருத்தும் கடையில் வேலை செய்தான். ஃபோனுக்குக் கண்ணாடி மாற்றுகிற விரல், அதனால்தானோ என்னவோ அடி சுத்தமாக விழும்.

விமர்சனங்கள் ஒவ்வொன்றாக வந்தன. ஒன்றும் நல்லதாக இல்லை.

கொழும்பில் ஓர் ஆங்கிலப் பத்திரிகைக்காரன், பாடகி டிஸ்பென்சரி வரிசையில் நிற்கிற ஆளைப் போலப் பாடுகிறாள் என்று எழுதினான். ஒரு சிங்கள யூடியூப்காரன், பையன்கள் கெட்டிக்காரர்கள், ஆனால் சிங்களத்தில் ஒன்று போட்டிருந்தால் கேட்கலாம் என்றான். தமிழ் வாரப் பத்திரிகை எழுதியதுதான் உச்சம். 'மலையகத்து இளைஞர்களின் ஆல்பத்தில் தேயிலை எங்கே? கொழுந்து எங்கே? அட்டை எங்கே?' என்று ஒரு முழுப் பக்கம் புலம்பியிருந்தார்கள். உண்மைதான். தர்ஷினியின் பாட்டுகளில் தேயிலையே கிடையாது. ஹொஸ்டல் தண்ணீர்த் தாங்கி, நனைந்த சப்பாத்து, செய்தியைப் பார்த்துவிட்டுப் பதில் போடாத ஒருவன், இவைதான் இருந்தன. மலைநாட்டுப் பிள்ளைக்குக் காதல் தோல்வி வருவதற்கும் அட்டை கடித்திருக்க வேண்டும் என்று நினைக்கிறார்கள்.

பிள்ளைகள் அழுவார்கள் என்று பயந்துகொண்டு மேலே போனேன். மோசமான வரிகளைப் பெரிதாக எழுதிச் சுவரில் ஒட்டிக்கொண்டிருந்தார்கள்.

"ஆன்ட்டி, என்னையப் பத்தி எழுதியிருக்கிறதப் பாருங்க," என்று செல்வா கூப்பிட்டான். 'டிரம்ஸ் அடிப்பவருக்கு வேறு எங்கோ போக அவசரம்' என்று இருந்தது. "ஆமா, பஸ்ஸுக்குத்தான். கரெக்டா புடிச்சிட்டான்."

"ஏன்டா, நீயாவது பஸ்ஸுல போய்ச் சேருவ," என்றான் அஸ்லம். "என்னையப் பத்தி எவனும் ஒரு வரி கூட எழுதல்ல. நான் வாசிச்சேனா இல்லையாண்டு எனக்கே சந்தேகமா இருக்கு."

அந்தத் திட்டுகளையெல்லாம் வைத்து அவர்கள் வளர்ந்திருப்பார்கள். அந்த ஓர் ஆண்டில் வாங்க வேண்டிய அடியை வாங்கிக்கொண்டு அடுத்த ஆல்பத்துக்குப் போயிருப்பார்கள்.

4

குகன் மாஸ்டர் சுவிஸில் இருந்து அழைத்தார். அவருடைய பத்திரிகையில் எழுதப் போகிறாராம். முதலில் தர்ஷினியிடம் பேசினார், பிறகு டிரம்ஸ் அடிப்பவரோடு பேச வேண்டும் என்றார். செல்வா ஃபோனை வாங்கிக்கொண்டு பல்கனிக்கு வந்தான். நான் அங்கே துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். இந்தக் காலத்துப் பிள்ளைகள் ஃபோனைக் காதில் வைப்பதில்லை, உள்ளங்கையில் ஏந்தித்தான் பேசுகிறார்கள். அதனால் எல்லாம் கேட்டது.

"தம்பி, அந்த மூண்டாவது பாட்டு. அதிலை கீழை ஓடுற அடி இருக்கெல்லே, அது டிரம்ஸ் வகுப்பிலை சொல்லித் தாற அடி இல்லை. ஆரிட்டப் பழகினனீர்?"

மூன்றாவது பாட்டின் பெயர் 'ரெண்டு நீலக் கோடு'. செய்தியைப் பார்த்துவிட்டுப் பதில் போடாதவனைப் பற்றிய பாட்டு அதுதான்.

செல்வா கொஞ்சம் யோசித்தான். பொய் சொல்லத் தெரியாத பிள்ளை. "எங்கப்பாகிட்டங்க. தோட்டத்துல தப்பு அடிப்பாரு. திருவிழாவுக்கு, சாவுக்கெல்லாம். பொணம் தூக்குறப்ப அடிக்கிற அடி அது. பாட்டுக்குப் பொருந்தி வந்துச்சு, போட்டேன். வேற ஒண்ணும் இல்லீங்க."

"அற்புதம் தம்பி! அற்புதம்!"

"சார், அதை மட்டும் எழுத வேணாங்க."

"இதிலை வெக்கப்பட ஒண்டும் இல்லைத் தம்பி. நீர் பெருமைப்படவேணும்."

"பெருமைதாங்க. ஆனா எழுத வேணாம்."

மாஸ்டர் சரியென்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. அம்மா அப்பாவுக்கு வணக்கம் சொல்லச் சொல்லிவிட்டு வைத்துவிட்டார். இவ்வளவு கேட்டுக்கொண்ட பிறகு எழுத மாட்டார் என்றுதான் செல்வாவும் நினைத்தான், நானும் நினைத்தேன்.

5

கட்டுரை ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்தது. முதல் தடவையாக ஒரு பாராட்டு, அதுவும் வெளிநாட்டில் இருந்து. அண்ணனுக்குத் தலைகால் புரியவில்லை. தலைப்பை மட்டும் பார்த்துவிட்டுக் கொமியூனிகேஷன் கடைக்கு ஓடிப் பிரிண்ட் எடுத்து வந்தார். அன்றைக்குப் பன்விலயில் இருந்து சொந்தக்காரர்கள் சாப்பாட்டுக்கு வந்திருந்தார்கள். எல்லோருக்கும் முன்னால் தானே வாசிக்க வேண்டும், அதுவரை யாரும் பார்க்கக் கூடாது என்று தாளைச் சட்டைப்பைக்குள் மடித்து வைத்துக்கொண்டார். காலைக் கூட்டத்தில் வாசித்தே பழகியவர்.

பரிமாற ஆள் போதவில்லை. செல்வா சோற்றுச் சட்டியைத் தூக்கிக்கொண்டு ஒவ்வொருவர் உட்கார்ந்திருந்த கதிரையாகப் போனான். லட்சுமி சித்திக்கு அவனை ரொம்பப் பிடித்துவிட்டது. "யாரு இந்தத் தம்பி? எவ்வளவு பதவிசா போடுது பாருங்க. எங்க வீட்டுலயும் ரெண்டு தடியனுங்க இருக்கானுங்களே." இன்னொரு கரண்டி போடச் சொல்லித் தட்டை நீட்டினார்.

அண்ணன் எழுந்து தொண்டையைச் செருமினார். தர்ஷினியின் குரலைப் பற்றி இரண்டு பத்தி. எல்லோரும் கைதட்டினார்கள். அண்ணி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அடுத்த பத்தியில் செல்வாவின் பெயர் வந்ததும் அண்ணன் அவனைப் பார்த்துத் தலையாட்டிச் சிரித்துவிட்டுத் தொடர்ந்தார்.

'இந்த இளைஞனின் கைகள் புதிதாக எதையும் கற்றுக்கொள்ளவில்லை. தோட்டத்துச் சாவு வீடுகளில் இவரது தந்தையும் பாட்டனாரும் அடித்த தப்பு இவரது இரத்தத்தில் ஒலிக்கிறது.' அதற்குப் பிறகு சாதியின் பெயர். தடித்த எழுத்தில் போட்டு, 'அந்த மண்ணின் மைந்தன்' என்று முடித்திருந்தார்கள்.

அண்ணன் வாசித்த வேகத்தில் அந்தப் பெயரையும் வாசித்துவிட்டார். வாசித்த பிறகுதான் என்ன வாசித்தோம் என்று அவருக்கு விளங்கியது. நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. குரலைத் தாழ்த்திக்கொண்டு, கடைசி வரி வரைக்கும், கட்டுரையாளரின் பெயர் வரைக்கும் வாசித்து முடித்தார். யாரும் கைதட்டவில்லை.

லட்சுமி சித்தி தட்டை மெதுவாகக் கீழே வைத்தார். "எனக்கு வயிறு நெறஞ்சிருச்சி," என்றார். கேட்டு வாங்கிய சோறு கைபடாமல் அப்படியே இருந்தது. அவரைப் பார்த்து இன்னொருவர். பிறகு இன்னொருவர். யாரும் முகத்தைச் சுளிக்கவில்லை. எல்லோருக்கும் ஒரே நேரத்தில் வயிறு நிறைந்துவிட்டது, அவ்வளவுதான்.

செல்வா சட்டியை மேசையில் வைத்தான். கை கழுவினான். வாசலில் நின்று, "வர்றேங்க ஐயா," என்று அண்ணனிடம் சொன்னான். அந்த நாள் வரைக்கும் அவரை 'அங்கிள்' என்றுதான் கூப்பிடுவான். என்னடா புதுசா ஐயா என்று அண்ணன் கேட்பார் என நான் காத்திருந்தேன். அவர் "சரி, போயிட்டு வா," என்றார்.

எனக்கு அந்த இடத்திலேயே அந்தத் தட்டுகளையெல்லாம் தூக்கிச் சுவரில் அடிக்க வேண்டும் போல இருந்தது.

6

அடுத்த பாட்டுப் பழக்கத்துக்குப் பிள்ளைகள் வந்தபோது அண்ணி தேநீர் கொண்டுவந்தாள். கடதாசிக் கப்பில். அந்த வீட்டில் அவர்கள் எல்லோரும் பூப்போட்ட பீங்கான் கோப்பையில்தான் குடிப்பார்கள். இப்போது செல்வாவுக்கும் கடதாசி, அஸ்லமுக்கும் கடதாசி, பெற்ற மகளுக்கும் கடதாசி. ஒருவனுக்கு மட்டும் கொடுத்தால்தானே பேச்சு வரும். அவ்வளவு யோசித்துச் செய்திருந்தாள்.

"கழுவுற வேலை மிச்சம் பாருங்க," என்றாள் என்னிடம்.

"அப்ப எனக்கும் அதுலயே ஊத்துங்க அண்ணி."

"நீங்க வெளிநாட்டுல இருந்து வந்தவங்க, உங்களுக்கு எதுக்கு இதெல்லாம்?"

அஸ்லம் கப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். அவனுக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் குடிக்காமல் ஜன்னல் ஓரத்தில் வைத்துவிட்டான். தர்ஷினி கிடாரைச் சுருதி சேர்த்துக்கொண்டே இருந்தாள். சுருதி எப்போதோ சேர்ந்துவிட்டது. தலையை மட்டும் நிமிர்த்தவில்லை. செல்வா, "எனக்கு டீ வேணாம் ஆன்ட்டி, இப்பதான் கடையில குடிச்சேன்," என்றான்.

நான் கீழே போய் அண்ணனைப் பிடித்துக்கொண்டேன்.

"நான் சாதி பாக்கிறவனா?" என்று அவர் என் மேலேயே பாய்ந்தார். "எத்தனை புள்ளைங்கள கையப் புடிச்சி ஹொஸ்டல்ல சேத்துவிட்டிருக்கேன். எனக்கு ஒண்ணும் இல்ல. ஆனா நாளைக்கு தர்ஷினிக்கு ஒரு எடம் பாக்கிறப்ப, அவ பேரும் அந்தப் பையன் பேரும் ஒரே பக்கத்துல வருது. நெட்டுல போட்டது அழியுமா சொல்லு? நீ போயிருவ. நாங்கதான் இங்க இருக்கணும்."

பிறகு மாடிக்குப் பெயின்ட் அடிக்க வேண்டும் என்றார். பெயின்ட் அடித்த பிறகு மணம் போக வேண்டும் என்றார். அக்குறணையில் வாப்பாவின் ஸ்டோர் ரூம் சும்மா கிடக்கிறது, அங்கே பழகலாம் என்று அஸ்லம் கேட்டுப் பார்த்தான். பொம்பளைப் பிள்ளையை அவ்வளவு தூரம் அனுப்ப முடியாது என்று அண்ணி சொல்லிவிட்டாள். செல்வாவை வர வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. எங்கள் ஆட்கள் அப்படிச் சொல்ல மாட்டார்கள், படித்தவர்கள். அவனாகவே வராமல் போகும் வரைக்கும் பொறுமையாகக் காத்திருந்தார்கள்.

சுவிஸுக்குப் புறப்படுவதற்கு முன்னால் டவுனுக்குப் போய் அவனைப் பார்த்தேன். யாருடையதோ உடைந்த ஃபோனைத் திறந்து வைத்துக்கொண்டிருந்தான்.

"திட்டி எழுதினவங்க எல்லாம் என் அடியைப் பத்தித்தான் ஆன்ட்டி எழுதினாங்க," என்றான். "நல்லா எழுதினவருதான் என் அப்பாவைப் பத்தி எழுதினாரு. டவுனுக்கு வந்தப்ப நான் சும்மா செல்வா. ஒருத்தரும் ஒண்ணும் கேக்கல. இப்ப கடைக்கு வர்றவங்க கூட, நீதானே அந்தத் தப்புக்காரர் மகன்னு கேக்கிறாங்க."

"தர்ஷினி பேசினாளா?"

"மெசேஜ் போட்டேன். பாத்திருக்கா."

7

திரும்பி வந்த முதல் சனிக்கிழமையே குகன் மாஸ்டரைப் பிடித்தேன். வகுப்பு முடிந்து பிள்ளைகள் பறையை உறையில் போட்டுக்கொண்டிருந்தார்கள். நடந்ததை ஒன்று விடாமல் சொன்னேன். சோறு, கடதாசிக் கப், பெயின்ட், எல்லாம். அவருடைய கண் கலங்கிவிட்டது. நடிப்பு இல்லை, உண்மையாகவே கலங்கியது.

"அங்கை இன்னும் இப்பிடிச் சாதி பாக்கினமே அக்கா! நம்பேலாமல் இருக்கு."

"நீங்கதான மாஸ்டர் அதை எழுதினீங்க. அவன் வேணாம்னு சொன்னான். நான் காதால கேட்டேன்."

"இல்லை அக்கா, மறைச்சு வைக்கிறதாலதான் அது சாகாமல் இருக்கு. இதை இப்பிடியே விடக் கூடாது. நான் ஒரு கட்டுரை எழுதவேணும்."

"ஐயோ, அவன் பேரைப் போடாதீங்க."

"பேர் இல்லாட்டில் கட்டுரைக்கு வலு இல்லை."

எழுதினார். செல்வாவின் பெயர், வேலை செய்யும் கடை, இடம், அண்ணன் வீட்டுச் சோறு, கப், எல்லாம் இருந்தது. பலர் பகிர்ந்தார்கள், பலர் கொதித்தார்கள். நம்முடைய கறிவேப்பிலைக் கடைக்காரர் கூட அழுகிற முகம் ஒன்று போட்டிருந்தார். அண்ணன் என்னோடு பேசுவதை நிறுத்திக்கொண்டார். பிறகு மாஸ்டர் செல்வாவைப் பொங்கல் விழாவுக்குச் சுவிஸுக்குக் கூப்பிட்டார். குழுவை அல்ல, அவனை மட்டும். டிரம்ஸ் வேண்டாம், தப்போடு வர வேண்டும், வேட்டி கட்டி, சட்டை இல்லாமல். சப்பாத்து என்று பெயர் வைத்து ஆல்பம் போட்டவனை வெறுங்காலோடு வரச் சொன்னார். செல்வா வரவில்லை. அதற்கும் மாஸ்டர் வருத்தப்பட்டார்: "பாத்தீங்களே, தாழ்வு மனப்பான்மை இன்னும் போகேல்லை."

மனிதரை வெறுக்கவும் எனக்கு முடியவில்லை. வெறுத்தால் ஏன் என்று கேட்டு அதைப் பற்றியும் எழுதுவார்.

8

கேக் படம் வந்த மறுநாள் தர்ஷினி அழைத்தாள். ஒரு வருட நிறைவுக்குப் பேராதனையில் மேடை கிடைத்திருக்கிறதாம். புதுப் பையன் எங்கள் சொந்தத்தில் தூரத்து உறவு, அப்பாவே தேடிப் பிடித்தாராம். அண்ணனுக்கு இந்த விஷயங்களில் கைராசி உண்டு.

"நல்லா அடிக்கிறான் அத்தை. எல்லாப் பாட்டும் வந்திருச்சி. அந்த மூணாவது பாட்டுதான் வரமாட்டேங்குது. ஆனா சனங்க அதைத்தான் கேப்பாங்க. அந்த அடி இல்லாம பாடவும் ஏலாது." பிறகு விஷயத்துக்கு வந்தாள். "செல்வாகிட்ட ஒரு வீடியோ எடுத்து அனுப்பச் சொல்றீங்களா? நான் கேட்டா நல்லா இருக்காது."

"நீ அவனுக்குப் பதிலே போடல இல்லையா?"

"என்னா போடுறது அத்தை? அப்பாவை விட்டுட்டு நான் எங்க போய்ப் பழகுறது? மேல் ரூம் இல்லாட்டி பேண்டே இல்ல."

முடியாது என்று சொல்ல வாயெடுத்தேன். ஆனால் அது அவன் சொல்ல வேண்டிய 'முடியாது'. அவன் அதைச் சொல்லட்டும், காது குளிரக் கேட்கலாம் என்று ஆசைப்பட்டுத்தான் செல்வாவுக்கு ஃபோன் எடுத்தேன். விஷயத்தைச் சொன்னதும் சிரித்தான்.

"அந்தப் பாட்டு நல்ல பாட்டு ஆன்ட்டி. சும்மா கெடந்து கெட்டுப் போகக் கூடாது. அனுப்புறேன்."

அடுத்த நாள் வீடியோ வந்தது. சமையலறையில் கரட் வெந்துகொண்டிருக்க, நின்றபடியே பார்த்தேன். முகம் இல்லை, கைகள் மட்டும். கடையின் மேசையில், இரண்டு குச்சிகளால், முதலில் மிக மெதுவாக, ஒவ்வொரு அடியாகப் பிரித்துக் காட்டினான். பிறகு சேர்த்து. பிறகு வேகமாக. யாரும் பிழை விட முடியாதபடி அவ்வளவு கருத்தாகச் சொல்லிக் கொடுத்திருந்தான். முடித்ததும் குச்சிகளை வைத்துவிட்டுப் பேசினான்.

"தம்பி, இதோட வந்திரும். வராட்டி திரும்பத் திரும்பப் போட்டுப் பாருங்க. ஒண்ணு மட்டும் ஞாபகம் வச்சுக்கங்க. யாராவது ஃபோன் பண்ணி, ரொம்ப நல்லா இருக்கு, யார்கிட்டப் பழகினீங்கன்னு கேப்பாங்க. யூடியூப்ல பாத்துப் பழகினேன்னு சொல்லிருங்க."

அப்படியே தர்ஷினிக்கு அனுப்பினேன். கேட்கட்டும் என்றுதான் அனுப்பினேன். சிவப்பு இதயம் ஒன்று உடனே வந்தது. அதன் கீழே எழுதியிருந்தாள்:

"தேங்க்ஸ் அத்தை. கடைசியில பேசுறத மட்டும் வெட்டிட்டு புதுப் பையனுக்கு அனுப்புறேன்."